முதல் டிரையத்லானுக்கு எந்த சைக்கிள்?

"ரோடு பைக் ஒன்று வாங்கப் போகிறேன் மாமா" என்றேன். "எத்தனை சி.சி.?" என்று கேட்டார். அவர் மேல் தப்பில்லை. நம் ஊரில் பைக் என்றால் பெட்ரோல் ஊற்றி ஓட்டுவது. நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் அடுத்தடுத்து முடிக்கும் டிரையத்லான் பக்கம் வந்த பிறகுதான், மிதிக்கிற வண்டியிலேயே ரோடு, ஹைபிரிட், கிராவல், டிரை என்று இத்தனை வகையறா உண்டு என்பது தெரியவருகிறது. தெரிந்த கையோடு குழப்பமும் வந்துவிடுகிறது.

அந்தக் குழப்பத்தில் காசை விட்டவன் நான். முதல் போட்டியைப் பழைய ஹைபிரிட் சைக்கிளில், அதாவது ரோடு பைக்குக்கும் மலைச் சைக்கிளுக்கும் நடுவே நேரான கைப்பிடியோடு வரும் வண்டியில் முடித்தேன். முடித்த உற்சாகத்தில், படங்களில் பார்த்த மாதிரியே இருக்க வேண்டும் என்று டிரையத்லானுக்கென்றே குனிந்து ஓட்டும்படி செய்த டிரை பைக் ஒன்றை வாங்கினேன். எட்டே மாதத்தில் நஷ்டத்துக்கு விற்றேன். அதற்குப் பிறகுதான் ரோடு பைக் வந்தது. இன்றும் அதில்தான் ஓட்டுகிறேன். போட்டி ஒரு காலைப் பொழுதோடு முடிந்துவிடும், பயிற்சியோ ஆண்டு முழுக்க நடக்கும் என்ற எளிய கணக்கை நான் போடவே இல்லை. பயிற்சிக்குப் போகும் சாலைக்கு ஏற்ற வண்டிதான் உங்களுக்கான வண்டி. கீழே வரும் படிகள் எல்லாமே அந்தக் கணக்கில் எழுதியவை.

படி 1: முதலில் போட்டி, பிறகு வண்டி

டிரையத்லானில் நான்கு தூரங்கள் பரவலாக நடக்கின்றன. ஸ்பிரின்ட்டில் 750 மீட்டர் நீச்சல், 20 கி.மீ. சைக்கிள், 5 கி.மீ. ஓட்டம். ஒலிம்பிக் தூரம் அதைப் போல் இரு மடங்கு: 1.5, 40, 10. அடுத்தது 1.9, 90, 21.1 கி.மீ. தூரப் போட்டி, மைலில் கூட்டினால் 70.3 வருவதால் அதுவே 'ஐயர்ன்மேன்' என்ற டிரையத்லான் தொடரின் பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டது. 2019 முதல் கோவாவில் நடக்கும் ஐயர்ன்மேன் 70.3 இந்த ரகம்தான். முழு ஐயர்ன்மேனில் 3.8, 180, 42.2.

இப்போது சின்னக் கணக்கு. ஸ்பிரின்ட்டின் 20 கி.மீ. தூரத்தை மணிக்கு 22 கி.மீ. வேகத்தில் ஓட்டினால் சுமார் 55 நிமிடம் ஆகும், 26 கி.மீ. வேகத்தில் 46 நிமிடம். நல்ல சைக்கிளும் ஓரளவு பயிற்சியும் சேர்ந்து உங்களுக்குத் தரப்போவது அதிகபட்சம் 8, 9 நிமிடம். முதல் போட்டியில் நீச்சல் முடிந்து மூச்சு வாங்கிக்கொண்டு, ஈரக் காலில் சாக்ஸ் ஏறாமல் தடுமாறுவதிலேயே பாதி நிமிடங்கள் போய்விடும். ஸ்பிரின்ட் மட்டும்தான் இலக்கு என்றால் புது சைக்கிள் பேச்சையே எடுக்க வேண்டாம். நேராக மூன்றாம் படிக்குப் போங்கள்.

70.3 தூரத்தில் கதை வேறு. மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் 90 கி.மீ. ஓட்ட 3 மணி 36 நிமிடம், 30 கி.மீ. வேகத்தில் சரியாக 3 மணி. ஆனால், அந்த ஐந்து கிலோமீட்டர் வேகம் சும்மா கிடைக்காது. காற்றை எதிர்க்கத் தேவையான சக்தி வேகத்தின் கன மடங்கில் (வேகம் × வேகம் × வேகம்) ஏறும். 25இலிருந்து 30க்குப் போனால் வேகம் ஐந்தில் ஒரு பங்குதான் கூடுகிறது. காற்றுக்குக் கட்டும் கப்பமோ 70 சதவீதத்துக்கு மேல் கூடிவிடுகிறது. டிரை பைக் என்ற வண்டி பிறந்ததே இந்தக் கப்பத்தைக் குறைக்கத்தான்.

கால வரம்பு பயமுறுத்துகிறதா? 70.3 போட்டிகளில் வழக்கமாகத் தொடக்கத்திலிருந்து ஐந்தரை மணி நேரத்துக்குள் சைக்கிளை முடித்திருக்க வேண்டும். நீச்சலுக்கும் உடை மாற்றவும் ஒன்றேகால் மணி நேரம் எடுத்துக்கொண்டாலும் மணிக்கு 21 கி.மீ. சொச்சம் ஓட்டினால் போதும். ஹைபிரிட் சைக்கிளில்கூட நடக்கிற காரியம்தான். நீங்கள் போகும் போட்டியின் விதிகளில் அந்த வரம்பை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

விதிகளைப் படிக்கும்போது இன்னொன்றையும் தேடுங்கள்: டிராஃப்டிங், அதாவது முன்னால் போகிறவரின் நிழலில் ஒட்டிக்கொண்டு காற்றை மிச்சப்படுத்துவதற்கு அனுமதி உண்டா? சிட்னி 2000 முதல் ஒலிம்பிக்கில் அது அனுமதிக்கப்படுகிறது. அதனால் அங்கே எல்லோரும் வளைந்த கைப்பிடி கொண்ட ரோடு பைக்கில்தான் வருவார்கள். கூட்டமாக நெருங்கி ஓட்டும்போது பிரேக்கிலிருந்து கை விலகினால் பத்துப் பேர் விழுவார்கள் என்பதே காரணம். நம்மைப் போன்றவர்கள் கலந்துகொள்ளும் பெரும்பாலான போட்டிகளில் டிராஃப்டிங் தடை. ஐயர்ன்மேன் போட்டிகளில் முன் வண்டிக்கும் உங்களுக்கும் 12 மீட்டர் இடைவெளி வேண்டும். இந்த இரண்டாவது வகைப் போட்டியில் மட்டும்தான் டிரை பைக்குக்கு வேலை.

படி 2: உங்கள் சாலையைப் பாருங்கள்

வாரம் மூன்று நாள் எந்தச் சாலையில், எத்தனை மணிக்கு ஓட்டப்போகிறீர்கள்? இதற்குப் பதில் இல்லாமல் கடைக்குப் போகாதீர்கள்.

எனக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலை. திருவான்மியூரிலிருந்து மாமல்லபுரம் போய்த் திரும்பினால் ஏறக்குறைய 90 கி.மீ. வரும், 70.3 போட்டிக்கு யாரோ அளந்து போட்டுக் கொடுத்தது போல. விடிவதற்கு முன் கிளம்பி வெயில் ஏறும் முன் வீடு திரும்ப வேண்டும். சாலையோரத்தில் மணல். குறுக்கே நாய். திடீரென்று முளைக்கும் வேகத்தடை. முட்டுக்காடு பாலத்தில் ஏறினால் இரண்டு பக்கமும் தண்ணீர், தடுக்க ஒரு மரமில்லை. பக்கக்காற்று வண்டியைத் தள்ளும். வடகிழக்குப் பருவக்காற்று மாதங்களில் போகும்போது பறப்பதுபோல் இருக்கும். 'அடடா, தேறிவிட்டோம்' என்று நினைத்துக்கொண்டு மாமல்லபுரத்தில் இட்லி சாப்பிட்டுவிட்டுத் திரும்பினால் வீடு வரை எதிர்காற்று.

இந்தச் சாலையில்தான் என் டிரை பைக் தோற்றது. வண்டியில் கோளாறு எதுவுமில்லை. குனிந்து முழங்கையை ஊன்றி ஓட்டினால்தான் அதற்குப் பயன். எனக்கோ பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து பிரேக்கைத் தேட வேண்டியிருந்தது. மூன்று மணி நேரப் பயணத்தில் அரை மணி நேரம் குனிந்திருந்தால் அதிகம். மிச்ச நேரமெல்லாம், நிமிர்ந்து ஓட்டுவதற்கென்று செய்யப்படாத ஒரு வண்டியில் நிமிர்ந்து ஓட்டிக்கொண்டிருந்தேன்.

உங்கள் ஊர் கோயம்புத்தூரோ சேலமோ என்றால் காற்றைவிட ஏற்றம் முக்கியம். ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள்; கொல்லிமலைக்கு 70. அங்கே எடை குறைந்த, சிறிய கியர் உள்ள, இறங்கும்போது பிரேக் பிடிக்கும் வண்டி வேண்டும். கிராமத்துச் சாலை, பாதி தார் பாதி செம்மண் என்றால் அகல டயர் ஏற்கும் வண்டி.

படி 3: வீட்டில் நிற்பதை வெளியே எடுங்கள்

1978இல் ஹவாயில் முதல் ஐயர்ன்மேன் நடந்தபோது 15 பேர் புறப்பட்டார்கள், 12 பேர் முடித்தார்கள். கார்டன் ஹாலர் 11 மணி 46 நிமிடம் 58 விநாடியில் முதலில் வந்தார். டிரையத்லானுக்கென்று தனி சைக்கிள் வந்தது அதற்கு ஒன்பது ஆண்டுகள் கழித்து. ஆகவே, மாடிப்படிக்குக் கீழே தூசி படிந்து நிற்கும் கியர் சைக்கிளைக் கேவலமாகப் பார்க்காதீர்கள்.

அது மலைச் சைக்கிள் என்றால் முதல் வேலை, முள்ளு முள்ளான டயர்களைக் கழற்றிவிட்டு வழுவழுப்பான, ஒல்லியான டயர்களைப் போடுவது. இந்த விலைக்கு இவ்வளவு வேகம் வேறெதிலும் கிடைக்காது. டயர் வாங்கும்போது பழைய டயரின் பக்கவாட்டில் அச்சிட்ட எண்ணைப் படம் எடுத்துக்கொண்டு போங்கள். 622 என்று இருந்தால் அது 29 அங்குலம். ரோடு பைக் சக்கரமும் அதே விட்டம்தான். 584 என்றால் 27.5 அங்குலம். இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. முன் ஃபோர்க்கில் அதிர்வைப் பூட்டும் திருகு இருந்தால் தார்ச் சாலையில் பூட்டியே வையுங்கள். இல்லாவிட்டால் மிதிக்கிற மிதியில் ஒரு பங்கு ஸ்பிரிங்கை அமுக்குவதற்கே போய்விடும்.

ஹைபிரிட் என்றால் வேலை இன்னும் குறைவு. சீட் உயரத்தைச் சரிசெய்து, செயினுக்கு எண்ணெய் விட்டு, பிரேக் கட்டைகளை மாற்றினால் ஸ்பிரின்ட்டுக்குத் தயார். மூன்று மாதம் இதில் ஓட்டுங்கள். அதற்குள் இந்த விளையாட்டு பிடிக்கிறதா என்பது தெரிந்துவிடும். பலருக்கு நீச்சலிலேயே தெரிந்துவிடுகிறது.

கியர் இல்லாத சைக்கிளில் முடியுமா என்று கேட்பார்கள். சமதரையில் ஸ்பிரின்ட் முடியும். அதற்கு மேல் முழங்கால் கெஞ்சும்.

படி 4: வாங்கியே ஆக வேண்டுமென்றால்

மூன்று மாதம் கழிந்தும் ஆசை தணியவில்லை, அடுத்த இலக்கு ஒலிம்பிக் தூரம் அல்லது 70.3 என்றால், என் பதில் ரோடு பைக். அதிலும் பந்தய வகை வேண்டாம். எண்டியூரன்ஸ் என்று சொல்லப்படும் நீண்டதூர வகை. இதில் கைப்பிடி சற்று உயரத்தில், சற்று அருகில் இருக்கும், முதுகு முறியாது. வளைந்த கைப்பிடியில் மூன்று இடங்களில் கையை மாற்றி மாற்றிப் பிடிக்கலாம். முதல் ஒரு மணி நேரத்தில் இதன் அருமை தெரியாது. மூன்றாவது மணி நேரத்தில் தெரியும்.

இதோடு ஏரோ பார் பொருத்திக்கொள்ளலாம். கைப்பிடியின் நடுவில் முன்னோக்கி நீளும் இரண்டு குழாய்களும் முழங்கை வைக்க இரண்டு மெத்தைகளும்தான் அது. சைக்கிள் ஓட்டும்போது காற்றை அதிகம் மறிப்பது சைக்கிள் அல்ல, ஓட்டுகிறவரின் உடம்பு. கையைக் குவித்துத் தோளைக் குறுக்கினால் காற்றுக்குக் கிடைக்கும் முகப்பு குறைகிறது. உலகம் இதை நம்பியது 1989 டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தின் கடைசி நாளில். வெர்சாயிலிருந்து பாரிஸ் வரை 24.5 கி.மீ., ஒவ்வொருவராகத் தனியே ஓட்டும் நேரப் பந்தயம். லாரன் ஃபின்யோனைவிட 50 விநாடி பின்தங்கியிருந்த கிரெக் லெமாண்ட், டிரையத்லான்காரர்கள் பயன்படுத்திவந்த அந்தக் குழாய்களை மாட்டிக்கொண்டு வந்து 8 விநாடி வித்தியாசத்தில் மொத்தப் பந்தயத்தையே வென்றார்.

ஏரோ பாரைப் பொருத்தியதும் சீட்டைக் கொஞ்சம் முன்னே தள்ள வேண்டியிருக்கும். இல்லாவிட்டால் தொடை வயிற்றில் இடிக்கும். ஆளில்லாத நேரான சாலையில் ஐந்து நிமிடம், பத்து நிமிடம் என்று பழகுங்கள். கூட்டமாகச் செல்லும்போது அதில் கை வைக்கவே கூடாது. கூட வருபவர்கள் திட்டுவார்கள், திட்ட வேண்டும்.

கிராவல் பைக்கும் யோசிக்கத்தக்கது. ரோடு பைக்கின் கைப்பிடி, 35 முதல் 40 மி.மீ. வரை அகலமான டயர். குண்டும் குழியுமான சாலைதான் உங்கள் தலையெழுத்து என்றால் இதை வாங்கி, போட்டிக்கு மட்டும் 28 மி.மீ. டயர் மாற்றிக்கொள்ளலாம்.

டிரை பைக் யாருக்கு? 1987இல் டான் எம்ஃபீல்ட் வடிவமைத்த குவிண்டானா ரூ சூப்பர்ஃபார்ம் தொடங்கிவைத்த வம்சம் இது. ரோடு பைக்கில் சீட் குழாய் ஏறக்குறைய 73 பாகையில் சாய்ந்திருக்கும். இதில் 78ஐ ஒட்டி நிமிர்ந்து நிற்கும். அதனால் உடம்பு முன்னால் நகர்ந்து, எவ்வளவு குனிந்தாலும் இடுப்பு மடங்காமல் கால் சுழலும். கியர் பொத்தான்கள் ஏரோ பாரின் நுனியில், பிரேக் வெளிக் கைப்பிடியில். கை இருக்கும் இடத்தில் பிரேக் இல்லை என்பதை மறக்க வேண்டாம். 70.3 ஒன்றிரண்டு முடித்து, போக்குவரத்து இல்லாத சாலையோ வீட்டுக்குள் சைக்கிளை நின்ற இடத்திலேயே மிதிக்க உதவும் டிரெய்னர் கருவியோ வைத்திருந்து, வாரம் ஒருநாளாவது குனிந்த நிலையில் இரண்டு மணி நேரம் பயிற்சி செய்யக்கூடியவர் வாங்கலாம். புதியதின் விலை லட்சங்களில் தொடங்கும். ஆழமான ரிம் சக்கரங்களோடு வந்தால் முட்டுக்காடு பாலத்தின் பக்கக்காற்றை நினைத்துக்கொள்ளுங்கள்.

படி 5: அளவு, அளவு, அளவு

எனக்கு 54 அளவு ஃபிரேம்தான் பொருந்தும். ரோடு பைக் வாங்கப் போன கடையில் 56 மட்டுமே இருப்பில் இருந்தது. "கைப்பிடித் தண்டை மாற்றினால் சரியாகிவிடும் சார்" என்றார் விற்பனையாளர். எட்டிப் பிடித்து எட்டிப் பிடித்து இரண்டு மாதத்தில் கழுத்தும் உள்ளங்கையும் மரத்துப்போயின. கடைசியில் ஃபிரேமையே மாற்ற வேண்டியதாயிற்று. பொருந்தாத விலையுயர்ந்த சைக்கிளைவிடப் பொருந்தும் மலிவான சைக்கிள் வேகமானது. இதில் மட்டும் சமரசம் வேண்டாம்.

54, 56 என்ற எண்கள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஒப்பிட உதவுபவை ஸ்டாக், ரீச் என்ற இரண்டு அளவுகள்: பெடல் கைகள் இரண்டும் சேரும் நடு அச்சிலிருந்து கைப்பிடிக் குழாயின் உச்சி எவ்வளவு உயரம், எவ்வளவு முன்னால் என்பவை. பெரும்பாலான கம்பெனிகள் இவற்றைத் தங்கள் அளவுப் பட்டியலில் போடுகின்றன. நண்பரின் சைக்கிள் உங்களுக்கு வசதியாக இருந்தால் அதன் ஸ்டாக், ரீச் எண்களை எழுதிவைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். கடைக்காரரின் முகம் மாறும்.

சீட் உயரத்துக்கு ஒரு வீட்டுக் கணக்கு. வெறுங்காலில் சுவரோடு ஒட்டி நின்று, கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைக் கால்களுக்கு நடுவே வைத்து, சீட்டில் உட்காரும்போது இருக்கும் அழுத்தத்தில் மேலே இழுங்கள். தரையிலிருந்து புத்தகத்தின் மேல் விளிம்பு வரை அளந்து 0.883ஆல் பெருக்குங்கள். மேலே சொன்ன லெமாண்ட் பரப்பிய கணக்குதான் இது. 80 செ.மீ. வந்தால் பெடல் கைகள் சேரும் அந்த நடு அச்சிலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை 70.6 செ.மீ. இது தொடக்கப்புள்ளி மட்டுமே. ஓட்டிப் பார்க்கும்போது முழங்காலின் முன்புறம் வலித்தால் சீட் பெரும்பாலும் தாழ்வு. பின்புறம் வலித்தால் உயரம். ஒரே நாளில் அரை சென்டிமீட்டருக்கு மேல் மாற்றாதீர்கள்.

சில்லறை விஷயங்கள்

கியர் தொகுதி விஷயத்தில் அதிகம் அலட்டிக்கொள்ள வேண்டாம். ஷிமானோ கம்பெனியின் தொகுதிகளில் கிளாரிஸ் பின்பக்கம் 8 கியர், சோரா 9, டியாக்ரா 10. மூன்றும் உழைக்கும். முன் பல்சக்கரங்களில் 50, 34 பல், பின்னால் பெரியதில் 32 பல் என்று இருந்தால் ஏற்காடு ஏறலாம். டிஸ்க் பிரேக் மழையில் நல்லது; ரிம் பிரேக்கைத் தெருமுனைக் கடையிலும் சரிசெய்யலாம். டயர் 28 மி.மீ. போகுமா என்று கேளுங்கள். 25க்கு மேல் ஏறாது என்றால் நம் சாலைகளுக்கு யோசிக்கத்தான் வேண்டும்.

பணம் முழுவதையும் சைக்கிளில் கொட்டிவிடாதீர்கள். ஹெல்மெட் இல்லாமல் போட்டியில் வண்டியைத் தொடவே விடமாட்டார்கள். மெத்தை வைத்த ஷார்ட்ஸ், பின்விளக்கு, கைப்பம்பு, இரண்டு டியூப், டயர் நெம்பி, இரண்டு தண்ணீர்ப் புட்டிகள் என்று கையிருப்பில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். பூட்டிக்கொள்ளும் பெடலும் அதற்கான ஷூவும் இரண்டாவது போட்டிக்கு. முதல் போட்டியில் ஓடும் ஷூவோடு மிதிக்கலாம். இறங்கியதும் அப்படியே ஓடலாம்.

பழைய சைக்கிள் நல்ல யோசனைதான். ஆனால், கடலோர ஊரில் வாங்குகிறீர்கள் என்றால் சீட் கம்பத்தை ஒருமுறை முழுக்கக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். உப்புக் காற்றும் வியர்வையும் இறங்கி அது ஃபிரேமோடு ஒட்டிக்கொண்டிருந்தால் அந்த வண்டி உங்கள் உயரத்துக்கு என்றைக்கும் வராது. செயினில் அளவுகோலை வைத்து 24 கண்ணிகளை அளந்தால் 12 அங்குலம் இருக்க வேண்டும். எட்டில் ஓர் அங்குலம் நீண்டிருந்தால் செயினோடு பின் பல்சக்கரத் தொகுதியும் போயிருக்கும். அந்தத் தொகையை விலையில் கழியுங்கள். கார்பன் ஃபிரேம் என்றால் ஈரத்துணியால் துடைத்துவிட்டு, பெடல் கைகள் சேரும் நடு அச்சைச் சுற்றியும் சீட் கம்பம் நுழையும் இடத்திலும் டார்ச் அடித்து விரிசல் பாருங்கள்.

எந்த வண்டியானாலும் பணம் கொடுக்கும் முன் ஒரு மணி நேரம் ஓட்டக் கேளுங்கள். தெருவைச் சுற்றி ஒரு வட்டம் அடிப்பது சோதனை ஆகாது. ஓட்டி முடித்த கையோடு இறங்கி ஒரு கிலோமீட்டர் ஓடுங்கள். முதல் சில நிமிடம் கால்கள் யாருடையவோ போல இருக்கும். அது எல்லோருக்கும் உள்ளது. முதுகோ இடுப்போ பிடித்துக்கொண்டு நிமிரவே முடியவில்லை என்றால் அந்த வண்டி உங்களுடையது இல்லை.

வெளியூர்ப் போட்டிக்கு சைக்கிளைப் பெட்டியில் கட்டும்போது பெடல்களைக் கழற்ற வேண்டிவரும். வலது பெடல் வழக்கமான மரை. இடது பெடலின் மரை தலைகீழ், கடிகாரம் சுற்றும் திசையில் சுற்றினால்தான் கழலும். கோவாவுக்குக் கிளம்பும் இரவு பதினோரு மணிக்கு இதைத் தெரியாமல், நானும் என் மைத்துனரும் ஸ்பானரின் மேல் ஏறி நின்று அரை மணி நேரம் அதை இன்னும் இறுக்கிக்கொண்டிருந்தோம்.